5 பங்குக்கு 22: பட்டர்ஃபிளை வாக்கெடுப்பும் சிறு முதலீட்டாளரும்

அணுசக்தி நகர்த் தமிழ்க் குடும்பங்களில் ஊரிலிருந்து ரயிலேறி வந்த கிரைண்டரைக் காண்பது அரிதன்று. பொருளை நன்கறிந்தவர், அதைச் செய்யும் நிறுவனத்தின் பங்கையும் அறிந்துவிட்டதாகக் கருதுவது இயல்பு. ஆனால் பங்குதாரரின் நிலையைத் தீர்மானிப்பவை வேறு.

சென்னையின் பட்டர்ஃபிளை காந்திமதி நிறுவனத்தின் 55 விழுக்காட்டுப் பங்கை, பங்கொன்றுக்கு 1,403 ரூபாய் ரொக்கம் தந்து வாங்குவதாகக் குரோம்ப்டன் நிறுவனம் 2022-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இணைப்புத் திட்டம் வந்தது: 5 பட்டர்ஃபிளை பங்குக்கு 22 குரோம்ப்டன் பங்கு. அதாவது ஒன்றுக்கு 4.4. நிறுவனர் குடும்பம் பெற்ற விலையை இது எட்ட, குரோம்ப்டன் பங்கு ஏறக்குறைய 319 ரூபாய்க்கு விற்க வேண்டும். வாக்கெடுப்பு நடந்த அக்டோபரில் அது 300-க்கும் கீழே இருந்தது.

குரோம்ப்டன் கையில் 75 விழுக்காடு. சட்டம் கேட்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு அதற்குக் கடினமன்று. ஆயினும் பொதுப் பங்குதாரரின் வாக்கைத் தனியே எண்ண வேண்டும், அதில் ஆதரவு எதிர்ப்பை விஞ்ச வேண்டும் என்பது செபியின் விதி. விஞ்சவில்லை. இணைப்பு வீழ்ந்தது.

இதைச் சிறியோரின் வெற்றி என்று கொண்டாடுவதில் தயக்கம் தேவை. பொதுப் பங்குதாரர் பிரிவில் பெரிய நிதி நிறுவனங்களும் அடங்கும். மறுத்தவர்கள் லாபமும் காணவில்லை, பங்கு விலை பின்னர் 1,000 ரூபாய்க்குக் கீழ் இறங்கியது. எனினும் விலை இறங்கியதால் மறுப்பு தவறாகிவிடாது. ஒரே நிறுவனத்தின் பங்குக்கு உரிமையாளருக்கு ஒரு கணக்கு, ஏனையோருக்கு வேறொரு கணக்கு என்பதை ஏற்பதா என்பதே அன்றைய வினா.

அணுசக்தித் துறை ஊழியருக்கு இவ்வினா மேலும் நெருக்கமானது. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள் ஊக வணிகத்தைத் தடுக்கின்றன. அடிக்கடி வாங்கி விற்பதையும் ஊக வணிகமாகவே கொள்கின்றன. விலை சரியும்போதெல்லாம் விற்றுவிட்டு மீண்டும் நுழையும் வழி அவர்களுக்கில்லை. நெடுங்காலம் வைத்திருப்பவர்க்கு வாக்கே காப்பு. அவ்வாக்கோ மின்னஞ்சலில் வருகிறது. விளம்பரக் கடிதங்களோடு அழிக்கப்பட்டும் விடுகிறது.

லாப விகிதம் கணக்கிடக் கற்கும் வணிகவியல் மாணவர் இந்த வாக்கெடுப்பின் முடிவறிக்கையையும் ஒருமுறை படிக்கலாம். பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் அது எவருக்கும் கிடைக்கும்.