வாள் யாருக்காக?

மருதநாயகம் என்னும் கான்சாகிபைத் தியாகி என்பர் சிலர். துரோகி என்பர் சிலர். இரண்டும் பாதி உண்மையே என்பது என் கருத்து.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் எளிய குடியில் பிறந்தவர் அவர். சிப்பாயாகத் தொடங்கிக் கும்பினிச் சிப்பாய்ப் படையின் தலைவரானார். திருச்சி முற்றுகையில் பகைவரைக் கடந்து உணவு வண்டிகளைக் கொண்டு சேர்த்தார். 1758-59இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று பிரெஞ்சுப் படைக்கு ஓயாத தொல்லை தந்தார்.

அவ்வளவு ஆற்றலும் யாருக்குப் பயன்பட்டது? பூலித்தேவரை அடக்கியதும் அதே வாள்தானே! மதுரைச் சீமையின் ஆட்சி கைக்கு வந்தபின்னரே நவாபையும் கும்பினியையும் எதிர்த்தார். உடனிருந்தோரே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யத் தளபதி மோல்ட்கே, துருக்கி சுல்தானிடம் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தம் படைக்கே திரும்பினார். கான்சாகிபுக்குத் திரும்பிச் செல்லத் தம் படை என்று ஒன்று ஏது? அதை அவரே உருவாக்க முனைந்தார்; காலம் இடம் தரவில்லை.

தோழர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மல்லாங்கிணற்றில் என் பெற்றோர் கேட்பது ஒன்றே: “படித்தால் வேலை கிடைக்குமா?” நியாயமான கேள்வி. ஆகவே கூலிக்குப் போர் செய்தார் என்று கான்சாகிபைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த கேள்வியும் உண்டு: அந்த வேலை யாருக்காக? அவர் அதைக் காலம் கடந்து கேட்டார். நாம் பட்டம் வாங்குமுன்பே கேட்போம்!