எடுத்துப் போடுறதுக்கு முதல்

“அதுக்கு ஒரு லைப்ரரி இருக்கு மச்சான், எடுத்துப் போடு.” வெப் வேலை செய்கிற எங்கட வயதுக்காரர் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் கேட்கிற வசனம் இது. திகதி தெரிய ஒரு கலண்டர் வேணுமா, எடுத்துப் போடு. வாறவை கேள்வி கேட்க ஒரு சட் பெட்டி வேணுமா, எடுத்துப் போடு. எங்கேயோ இருக்கிற யாரோ எழுதி வைத்த கொம்பொனென்ட், ஒரு வரிக் கட்டளையில் எங்கட செயலிக்குள் வந்து குந்திவிடும்.

நாங்கள் இதற்கு எதிரான ஆட்கள் இல்லை. எல்லாத்தையும் நானே எழுதுவன் எண்டு நிக்கிறவரோட வேலை செய்தவைக்குத் தெரியும், அது இன்னொரு கரைச்சல். ஒரு கீழ்விரி பட்டியலைக்கூட ஒழுங்காக எழுதுவது லேசான காரியமில்லை. விசைப்பலகையை மட்டும் பாவிக்கிறவருக்கும், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு வருகிற பார்வையற்றவருக்கும், போனில் விரலால் தட்டுகிறவருக்கும் அது வேலை செய்ய வேணும். அதிலேயே வருசக்கணக்காக மினக்கெட்டவர்கள் எழுதியது எங்கட ரெண்டு நாள் வேலையை விடத் திறமாகத்தான் இருக்கும். எங்கட வாதம் வேற. கொம்பொனென்டை எழுதியவருக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும். அது போய் இருக்கப்போகிற பக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு யார் வருகிறார்கள், அங்கே என்ன எழுதுகிறார்கள் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரும் இன்ஸ்டோல் பண்ணித் தர ஏலாது.

பிரித்தானியாவின் டிக்கெட்மாஸ்டருக்கு நடந்ததைப் பாருங்கள். நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்கிற பெரிய நிறுவனம். தன் இணையத்தளத்தில் இன்பென்டா என்ற இன்னொரு நிறுவனத்தின் சட் பொட்டைப் போட்டிருந்தது. உதவிப் பக்கத்தில் மட்டும் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. காசு கட்டுகிற பக்கத்திலும் போட்டிருந்தது. அந்த சட் பொட்டின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இன்பென்டாவின் சேர்வரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2018இல் யாரோ அந்தச் சேர்வருக்குள் புகுந்து, கோப்பில் தங்கட வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். டிக்கெட்மாஸ்டரின் சேர்வரை அவர்கள் தொடவே இல்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்க வந்தவர்கள் அட்டை இலக்கத்தையும் பின்பக்கத்து மூன்று இலக்கங்களையும் தட்டத் தட்ட, அவை வெளியே போய்க்கொண்டிருந்தன.

எப்படி என்று விளங்கினால்தான் பயம் சரியான இடத்தில் வரும். ஒரு பக்கத்துக்குள் நேரடியாக ஏற்றப்படுகிற ஸ்கிரிப்ட் எதுவாக இருந்தாலும், பிரௌசர் அதை எங்கட ஸ்கிரிப்ட் போலவேதான் நடத்தும். ‘இது வீட்டுக்காரர், இது விருந்தாளி’ என்ற பாகுபாடு அதற்கு இல்லை. மூலையில் சிரித்துக்கொண்டிருக்கிற சட் பெட்டி, பக்கத்தில் இருக்கிற எந்தக் கட்டத்தையும் வாசிக்கலாம், எழுதலாம், எங்கேயும் அனுப்பலாம். வேறு முகவரியிலிருந்து வருகிற ஐபிரேமுக்குள் வைத்தால் மட்டும் நடுவில் ஒரு சுவர் விழும். கொடுப்பனவு நிறுவனங்கள் பல தங்கட அட்டைக் கட்டங்களை ஐபிரேமாகத் தருவது இதனால்தான்.

முதலில் மணத்தைப் பிடித்தது மொன்சோ என்கிற வங்கி. 2018 ஏப்ரலில் ஏறத்தாழ 50 வாடிக்கையாளர்கள் தங்கட அட்டையில் மோசடி நடந்ததாக முறையிட்டார்கள். தேடிப் பார்த்தால் அவர்களில் 70 வீதமானோர் டிக்கெட்மாஸ்டரில் வாங்கியவர்கள். வங்கி அந்த மாதமே டிக்கெட்மாஸ்டருக்குச் சொன்னது. ‘நாங்கள் பார்த்தோம், எங்களிடம் ஒரு பிழையும் இல்லை’ என்ற மாதிரித்தான் பதில் வந்தது. சொன்னதில் இருந்து ஒன்பது கிழமை கழித்துத்தான் காசு கட்டுகிற பக்கத்தில் என்ன போய் வருகிறது என்று கண்காணிக்கத் தொடங்கினார்கள். பொட்டை முழுக்கக் கழற்றியது ஜூன் 23ஆம் திகதி. அதற்குள் ஐரோப்பா முழுக்க 94 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய நிலை. பார்க்லேஸ் வங்கியின் 60,000 அட்டைகளில் மோசடி நடந்தது தெரிய வந்தது.

இதில் எங்களைப் பிடித்து நிறுத்துகிற இடம், பிறகு வந்த ‘ஆர் பொறுப்பு’ என்ற சண்டைதான். டிக்கெட்மாஸ்டர் இன்பென்டாவைக் காட்டியது. இன்பென்டா சொன்ன பதில் இதுதான்: அந்த ஸ்கிரிப்டைக் காசு கட்டுகிற பக்கத்தில் போடப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தால், போட வேண்டாம் என்று சொல்லியிருப்போம். கேட்க நழுவல் மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கு. பக்கத்தை அறிந்தது டிக்கெட்மாஸ்டர் மட்டும்தான். பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகமும் 2020 நவம்பரில் 12.5 இலட்சம் பவுண் தண்டத்தை டிக்கெட்மாஸ்டருக்குத்தான் போட்டது. அந்தப் பக்கத்தில் பொட்டைப் போடுவதன் ஆபத்தை எடைபோடவில்லை என்பது முதலாவது குற்றச்சாட்டு. மேன்முறையீடு செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது என்பதையும் சொல்லிவிட வேணும்.

(ஒரு வேடிக்கை: அதே 2018 பெப்ரவரியில், பக்கத்தை வாசித்துக் காட்டுகிற பிரவுஸ்அலவுட் என்ற கருவியின் கோப்பை யாரோ மாற்றி, வருகிறவர்களின் கணினியில் கள்ளமாகக் கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தார்கள். 4,000க்கும் மேற்பட்ட தளங்கள் அகப்பட்டன. அதில் ஒன்று மேலே சொன்ன ஆணையாளர் அலுவலகத்தின் தளம்.)

வெளிச் சேர்வரிலிருந்து வருகிற கோப்புக்கு ஒரு பூட்டு இருக்கு. அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஒரு சரத்தை ஸ்கிரிப்ட் வரியிலேயே எழுதி வைத்தால், ஒரு எழுத்து மாறினாலும் பிரௌசர் அதை ஓட்டாது. பிரவுஸ்அலவுட் போட்டிருந்த தளங்களுக்கு அந்த ஒரு வரி காணும். ஆனால் ‘கோப்பை நாங்கள் விரும்பின நேரம் மாற்றுவம், உங்களுக்குச் சொல்ல மாட்டம்’ என்கிற விற்பனையாளரோடு இந்தப் பூட்டு வேலை செய்யாது. அப்படிப்பட்டவரின் கொம்பொனென்ட் கடவுச்சொல், அட்டை, வருத்தம் பற்றிய விபரம் எழுதுகிற பக்கத்தில் இருக்கவே கூடாது என்பது எங்கட கருத்து. சட் பெட்டி இல்லாமல் ஆரும் செத்துப் போனதில்லை.

கோப்பை எங்கட சேர்வரிலேயே வைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஆன்ட் டிசைன் என்ற பிரபலமான சீனத்து கொம்பொனென்ட் தொகுதியைப் பாவித்தவர்கள் 2018 டிசம்பர் 25 காலையில் எழும்பிப் பார்த்தால், தங்கட தளத்து பொத்தான்களின் மேல் வெண்பனி படிந்திருந்தது. நத்தார் விளையாட்டுக்காக ஆரோ முன்கூட்டியே உள்ளே எழுதி வைத்தது. எழுதியவருக்கு அது பகிடி. தன் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தவருக்கு?

இதெல்லாம் அட்டைக்காசு, பெரிய நிறுவனம் என்று தூரத்தில் நிற்கிற கதைகள் மாதிரித் தெரியலாம். தமிழில் ஒரு செயலி செய்யப் போனால் இதே பிரச்சினை முதல் நாளே வாசலில் நிற்கும். பயனர் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டுகிற கொம்பொனென்டை எடுங்கள். உள்ளுக்குள் பல நேரம் அது செய்வது, பெயரின் முதல் குறியீட்டை வெட்டி எடுப்பதுதான். ஆங்கிலத்தில் அது எழுத்து. தமிழில் கௌரிக்கு ‘க’ வரும், சிவாவுக்கு ‘ச’ வரும், தேவிக்கு ‘த’ வரும். ஒருங்குறியில் உயிர்க்குறி தனியாகத்தான் இருக்கிறது என்பதால் அந்த நிரலுக்கு அது பிழையாகத் தெரியாது. தகப்பன் பெயரையும் சேர்த்து ‘கந்தையா கௌரி’ என்று எழுதினால் வட்டத்துக்குள் ‘கக’. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பகிடி கேட்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எழுத்து எண்ணுகிற பெட்டியும் அப்படித்தான். ‘யாழ்ப்பாணம்’ எங்களுக்கு ஆறு எழுத்து. கொம்பொனென்டுக்குப் பதினொன்று. இருபதுக்கு மேல் எழுத ஏலாது என்று மட்டுப்படுத்தினால் ஊர்ப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் நடுவில் அறுபடும். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்துகிற அட்டவணை இன்னும் நுணுக்கமாகப் பிழைக்கும். ஒருங்குறியில் ‘ன’ வந்து ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது, எங்கட நெடுங்கணக்கில் அது கடைசி மெய். ஆகவே குறியீட்டு வரிசையில் கனகா முன்னுக்கும் கமலா பின்னுக்கும் வருவார்கள். அகராதியில் கமலாதான் முதல். முப்பது பேர் இருக்கிற பட்டியலில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். மூவாயிரம் பேர் இருக்கிற பட்டியலில் தன் பெயரைத் தேடுகிறவர், இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போவார்.

இப்படிப் பிழைத்தவுடன் எங்கட ஆட்கள் எடுக்கிற முடிவுதான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம். “தமிழ் சப்போர்ட் இல்ல, பெயரை இங்கிலீசில கேப்பம்.” கொம்பொனென்டைக் காப்பாற்றுவதற்காக மனிசரின் பெயரை மாற்றச் சொல்லுகிறோம். உண்மையில் தமிழுக்கான வசதி பிரௌசருக்குள்ளேயே இருக்கு. ‘கௌ’வை ஒரே எழுத்தாக வெட்டித் தரும் இன்டல் செக்மென்டரை இப்போது பெரிய பிரௌசர்கள் எல்லாம் ஏற்கின்றன. மொழிக்கேற்ப வரிசைப்படுத்தித் தர இன்டல் கொலேட்டர் அதற்கு முதலே வந்துவிட்டது. கொம்பொனென்ட் எழுதியவர் அதைப் பாவிக்காததற்குக் காரணம் வெறுப்பு இல்லை. கௌரி என்று ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியாது.

தெரியப்படுத்த வழி இருக்கு. இந்தத் தொகுதிகளில் பெரும்பாலானவை திறந்த மூலம். முதல் எழுத்தை வெட்டுகிற இடத்தில் ஒரு சில வரி மாற்றம், ‘இந்தப் பெயருக்கு இப்படி வருகிறது’ என்று ஒரு படம், அனுப்பலாம். ஏற்பார்களா என்பது வேற கதை. சில பராமரிப்பாளர்கள் மாதக்கணக்கில் திரும்பியும் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் வெளியிலிருந்து வருகிற எதையும் செயலி முழுக்க நேரடியாகத் தூவாமல், எங்கட ஒரு கோப்புக்குள் சுற்றி வைத்து அங்கிருந்து பாவிக்கச் சொல்லுகிறோம். திருத்தவும் அந்த ஒரு இடம், கழற்றி எறியவும் அந்த ஒரு இடம்.

அதோட, சோதித்துப் பார்க்கிற நேரம் ஜோன் டோ என்று அடிக்கிற பழக்கத்தை இண்டைக்கே விடலாம். கந்தையா கௌரி, ஸ்ரீதரன், புதுக்குடியிருப்பு. இந்த மூன்றையும் அடித்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போடுங்கோ.