கூடத்தை அளந்த பின் பெட்டி

வீட்டுக்கொரு பொருள் வாங்குவதென்றால் நம்மவர் ஆராய்ந்தே வாங்குவர். சேலை எடுப்போர் கரையை விரித்துப் பார்ப்பர்; அரிசி வாங்குவோர் இரண்டு மணியை வாயிலிட்டுக் கடித்துப் பார்ப்பர். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும்பொழுது மட்டும் இந்த விவேகம் எங்கோ மறைந்துவிடுகின்றது. காலி வீதிக் கடையொன்றில் இருபது திரைகள் ஒருங்கே ஒளிவிட, அவற்றுள் மிகப் பெரியதும் மிகப் பளிச்சென்றிருப்பதும் எதுவோ அதுவே நல்லதெனத் தோன்றுகின்றது.

1979ஆம் ஆண்டில் ஐ.ரி.என். நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபொழுதும், 1982 பெப்ரவரி 15ஆம் நாள் யப்பானிய அரசின் உதவியுடன் ரூபவாகினி தொடங்கியபொழுதும் இம்மயக்கத்துக்கு அதிகம் இடமிருக்கவில்லை. அந்நாட் பெட்டியின் முதுகு பேழைபோற் புடைத்திருந்தது. திரை பெரிதானால் முதுகும் பெரிதாகும், நிறையும் ஏறும். ஆதலால், வைப்பதற்கு இடமுண்டா என்று முதலிலே கேட்க வேண்டியிருந்தது. தட்டைத் திரை அக்கேள்வியை மறக்கச் செய்துவிட்டது. சுவரிலே இடமிருக்கலாம், சுவருக்கும் கதிரைக்கும் இடையில் இடமிருக்கின்றதா என்பதன்றோ வினா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளிற் பலவற்றில் கூடம் சிறியது. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிற் பல, நீளத்தில் நிறைந்தாலும் அகலத்தில் ஒடுங்கியவை. ஆகவே கடைக்குப் புறப்படுமுன் அளவு நாடாவை எடுத்து, பெட்டி இருக்கப்போகும் சுவரிலிருந்து அமர்வோர் கண் வரையுள்ள தூரத்தை அளந்து கொள்ளுக. திரையின் அளவென்பது மூலைக்கு மூலை எடுக்கும் குறுக்களவு. அதன் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரையுள்ள தூரத்திலிருந்து பார்ப்பது பொதுவான கணக்கு. இதன்படி 32 அங்குலத் திரைக்கு 4 அடி முதல் ஆறரை அடி. 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி முதல் 9 அடி. 55 அங்குலத்துக்கு ஏறத்தாழ 7 அடி முதல் பதினொன்றரை அடி. எட்டடித் தூரமுள்ள கூடத்துக்கு 43 அங்குலம் தாராளமாகப் போதும். அங்குலம் சிறிது ஏறினாற் பரப்பு மிக ஏறும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று. 32 அங்குலத் திரையினும் 43 அங்குலத் திரை பதினொரு அங்குலமே கூடியது. பரப்பிலோ அது 1.8 மடங்காகும்.

கனடாவிலுள்ள மருமகன் 65 அங்குலப் பெட்டி வாங்கும்படி பணம் அனுப்பியிருக்கலாம். அன்பு போற்றத்தக்கதே. ஆயினும், அவருடைய பணம் இங்கு வந்ததேயன்றி அவருடைய கூடம் வரவில்லை.

அடுத்தது, படம் எங்கிருந்து வருகின்றது என்பது. ‘ஃபுல் எச்.டி.’ என்னும் திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் ஒளிப்புள்ளிகள் உள. ‘4கே’ திரையில் 83 இலட்சம். நான்கு மடங்கு என்றதும் மனம் அவாவுகின்றது. ஆனால், 43 அங்குலத் திரையை எட்டடிக்கு அப்பாலிருந்து பார்க்கும் சாதாரணக் கண், முதலாவதன் புள்ளிகளையே பிரித்தறிய மாட்டாது. அன்றியும், ரூபவாகினி தொடங்கிய நாளிற் கைக்கொண்ட முறையில் ஒரு படம் 625 வரிகளால் ஆனது. கூரை ஏரியல் வழியாக அம்முறையில் வரும் படத்தை மிகப் பெரிய திரையிலே விரித்தால், ஓர் அகப்பை மாவைப் பெரிய கல் முழுவதும் தேய்த்த தோசைபோல அது மெலிந்துவிடும். இணையத்தின் வழியாகத் தெளிந்த படங்களைப் பார்ப்போர்க்கே 4கே திரையாற் பயனுண்டு. ஏரியலையே நம்பியிருப்போர் அதற்கெனப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

கடையில் நிற்கும்பொழுது செய்யத்தக்கவை இரண்டு. கடை வெளிச்சத்துக்கு ஈடாகத் திரைகளை மிகையான பிரகாசத்தில் வைத்திருப்பர். அதனைக் குறைத்துச் சாதாரண நிலையிற் காட்டுமாறு கேட்க. பின்னர், நேரே நின்று பார்த்ததோடமையாது பக்கத்தே ஒதுங்கி நின்றும் பார்க்க. சில திரைகள் பக்கத்திலிருந்து பார்ப்போர்க்கு வெளிறித் தோன்றும். நம் வீடுகளில் ஓரத்துக் கதிரை பெரும்பாலும் அப்பம்மாவுடையது. நல்லூர்த் தேரை ஆண்டுக்கொரு முறை இங்கிருந்தே கண்டு கைகூப்பும் முதியவர்க்கு முருகன் வெளிறித் தோன்றுவானாயின், அப்பெட்டி எத்துணை விலையாயினும் என் பயன்?

விலையென்பது கடையிற் கொடுப்பதோடு முடிவதன்று. 80 உவாற்று மின்சாரம் கொள்ளும் பெட்டி நாள்தோறும் 5 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 12 அலகு செலவாகும். 150 உவாற்றுக் கொள்வதாயின் இருபத்திரண்டரை அலகு. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தை எந்த இல்லத்தரசியும் மறந்திருக்க மாட்டார். பின்னர் அது குறைந்தும் கூடியும் வந்தபோதிலும், அலகு பெருகப் பெருக வீதமும் ஏறும் முறை மாறவில்லை. தவணைக்கு எடுப்போர் மாதத் தொகையை மட்டும் பாராது, எல்லாத் தவணைகளையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் திரைக்கு எத்தனை ஆண்டு என்று தனியே கேட்டறிதலும் அவசியம். திரை பழுதானால் அதை மாற்றும் செலவு, புதுப் பெட்டியின் விலையை நெருங்குவதுண்டு.

வீட்டுக்கு வந்த பின்னரும் கவனம் தேவை. தட்டைத் திரை நிறை குறைந்தது. குழந்தை பற்றியிழுத்தால் மேலே சாய்ந்துவிடும். சுவரோடு பிணைத்தல் நன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை வேளைகளில் இடி முழங்கத் தொடங்குமுன் மின்செருகியை மட்டுமன்றி ஏரியற் கம்பியையும் கழற்றி வைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் பொருளைப் பற்றியவை. இவற்றினும் பெரியது கூடத்தைப் பற்றியது. இரண்டு அறை வீட்டிற் கூடமென்பது தொலைக்காட்சிக் கொட்டகையன்று. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையும் அங்கேதான். சாமிப் படத் தட்டும் அங்கேதான். வேலை முடிந்து வரும் தந்தை சற்றே சாய்வதும் அங்கேதான். சிறிய கூடத்தில் மிகப் பெரிய திரையை மாட்டினால், பிள்ளை முகத்தைத் திருப்பியிருந்தாலும் அதன் ஒளி கொப்பியின்மேல் விழுந்து ஆடும். ஒலி கதவைத் தாண்டி அயல்வீட்டுக்கும் செல்லும். வீட்டார் யாவரும் அப்பெட்டிக்கு வாடகைக்கு இருப்பவர் போலாகிவிடுவர்.

ஆதலின், எத்தனை அங்குலம் என்று கடைக்காரரைக் கேட்குமுன், அக்கூடத்தில் யார் யார் என்னென்ன செய்கின்றனர் என்பதை வீட்டாரே ஒருமுறை கூடியிருந்து பேசுவது நலம். பார்க்க வேண்டிய பொழுது தெளிவாகத் தெரிவதும், அணைத்த பின் கூடத்தைக் கூடமாகவே விட்டுவைப்பதும் எதுவோ அதுவே அவ்வீட்டுக்கு ஏற்ற பெட்டி.