குளிருக்கேற்ற கோலம்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் ஓவேலிப் பள்ளத்தாக்கில் குளிர் இறங்கிவிடுகிறது. உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் நாட்களிலும், எல்லமலையிலும் பெரியசோலையிலும் வாழும் நம் குடும்பங்கள் அந்த அளவுக்கு நடுங்குவதில்லை. உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடலூர் நகரமோ அதில் ஏறக்குறையப் பாதி உயரமே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நமது குளிர் மென்மையான குளிர்.

ஆயினும் உடை விஷயத்தில் மென்மையான குளிரே அதிகச் சங்கடம் தருகிறது. விடியற்காலையில் பல் கிட்டுகிறது; பத்து மணிக்குள் முதுகில் வெயில் உறைக்கிறது; மாலையில் மீண்டும் மூடுபனி சூழ்கிறது. மேகமற்ற இரவுகளில் நிலத்தின் வெப்பம் வானோக்கி வெளியேறிவிடும். குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். இதனாலேயே ஓடைக்கரையிலுள்ள லைன் வீடுகளில் மேட்டு வீடுகளைவிட விடியற்குளிர் மிகுதி.

இத்தகைய நாளுக்குத் தடித்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் மூன்றே சிறந்தவை. ஆடைகளின் இடையே அடைபடும் காற்றுதான் உடற்சூட்டைக் காக்கிறது. உடலை ஒட்டிப் பருத்திச் சட்டை, அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர், அதற்கும் மேல் சால்வை என அணிந்தால், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் களைந்து கொள்ளலாம்; அந்தி சாயும்போது மீண்டும் அணியலாம்.

அழகும் இதனால் கெடுவதில்லை. பட்டுச் சேலைக்கு மேல் தொளதொளத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, சேலையும் தெரியாமல் உருவமும் தெரியாமல் நிற்கும் சகோதரிகளை நாம் திருமண வீடுகளில் காண்கிறோம். முழுக்கை ரவிக்கையைச் சற்றுத் தடித்த துணியில் தைத்துக் கொண்டு, சேலைக்கரையின் நிறத்திலேயே ஒரு சால்வையைத் தோளில் மடித்து ஊசியிட்டால் குளிரும் தாங்கும், கரையும் விளங்கும். வெள்ளை வேட்டிக்குச் சாம்பல் அல்லது கருநீல ஸ்வெட்டர் ஆண்களுக்குக் கம்பீரம் தரும். பிள்ளைகளுக்கு ஓரளவு பெரியதாக வாங்கிக் கைமுனையை மடித்துவிட்டால் அடுத்த ஆண்டிற்கும் உதவும்.

மலைவாழ் மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு. தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி கனத்த வெண்பருத்தித் துணியே. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் கையால் இழைக்கும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆணும் பெண்ணும் அதை அணிவர். குளிர்காக்கும் துணியே அவர்களுக்கு அணிகலனாகவும் அமைந்துவிட்டது.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து தாயகம் திரும்பியோர் பலர் இக்கூடலூர் வட்டாரத்தில் குடியேறினர். தலையில் கம்பளியும் இடுப்பில் படங்கும் அவர்களின் வேலை உடை. கொழுந்தின் மேலுள்ள பனி சேலையை நனைத்தால் ஈரப் பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிவிடும். படங்கு அதைத் தடுக்கிறது. கம்பளியோ நனைந்தாலும் வெதுவெதுப்பை முற்றும் இழப்பதில்லை. குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியன தொழிலாளருக்கு வழங்க விதிகள் வகுக்கலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கூறியது. அப்படியிருக்க, கல்லூரிக்குச் செல்லும் மகள், தோழியர் எதிரே தாயின் கம்பளியைக் கண்டு கூசுவானேன்? அவளது கல்விக்கட்டணம் அக்கம்பளியின் கீழிருந்தே வந்தது.

இனி, உயிரைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. போதிய போர்வையின்றிக் குளிர் தாங்காமல், கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்குவோர் உண்டு. எரியும் கரியிலிருந்து கிளம்பும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குபவர் விழிப்பதேயில்லை. முதியோருக்குக் காலுறை, குல்லாய், இரட்டைப் போர்வை கொடுங்கள். தீச்சட்டி அறைக்குள் வேண்டவே வேண்டாம். செயற்கை இழை ஸ்வெட்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் அதைக் களைந்துவிடுவதே நலம்.

கம்பளி ஆடைகளைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். பெட்டியில் வைத்ததை எடுத்தவுடன் குழந்தைக்கு உடுத்த வேண்டாம். அந்துருண்டையின் நெடி பச்சிளங்குழந்தைகள் சிலரின் இரத்தத்தையே கெடுக்க வல்லது. துவைத்து நன்கு வெயிலில் காட்டிய பின்னரே அணிவியுங்கள்.

கிறிஸ்மஸ் நெருங்குகிறது. பிள்ளைகளுக்குப் பகட்டான மேலாடை, கணவருக்குப் புதுச்சட்டை என்று பட்டியல் நீளும். நள்ளிரவுத் திருப்பலிக்குத் தாய் மட்டும் பழைய நூற்சேலையில் நடுங்கிக்கொண்டு வருவாள். கேட்டால், "எனக்கென்ன குளிர்?" என்பாள். மறுநாள் அவளே இருமிக்கொண்டு கொழுந்தெடுக்கப் புறப்படுவாள். இதனைத் தியாகம் என்று நாம் புகழ்ந்து பழகிவிட்டோம்.

நவம்பர் 11இல் நாம் விழாக் கொண்டாடும் புனித மார்த்தினாரை எண்ணிப் பாருங்கள். போர்வீரராக இருந்த காலத்தில், நகர வாயிலில் நடுங்கிய ஏழைக்காகத் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டினார் என்பது வரலாறு. பாதியை அவனுக்கு ஈந்தார். மறுபாதியைத் தாம் போர்த்திக்கொண்டார். அதனால் அவரது புனிதம் குறைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. இவ்வாண்டு துணி வாங்கப் புறப்படும் குடும்பத் தலைவர்களே, பட்டியலின் முதல் வரியில் தாய்க்கு ஒரு நல்ல சால்வையை எழுதுங்கள். நிறத்தை அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.