பொத்தகத்திற்குப் பகை எது?

“இணையம் வந்தது, பொத்தகம் செத்தது” என்று ஒப்பாரி வைப்பார் கூட்டம் ஒன்று சென்னையில் உண்டு. மயிலை மாடத்தெருக்களிலும் அடையாற்று அடுக்ககங்களிலும் இவ் ஒப்பாரி ஓயாது ஒலிக்கின்றது. கைப்பேசியைக் குற்றவாளியாக நிறுத்தித் தீர்ப்பையும் தாமே எழுதிவிடுகின்றனர் இவர்கள். உண்மை இவர்தம் தீர்ப்புக்கு நேர்மாறாக நிற்கின்றது.

ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நந்தனத்திற் சென்று பார்க்கட்டும்! 1977-இல் அண்ணா சாலை மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் 22 கடைகளோடு தொடங்கிய சென்னைப் பொத்தகக் காட்சி, அண்மை ஆண்டுகளில் ஒய்.எம்.சி.ஏ. திடலில் ஏறத்தாழ 900 கடைகளாய் விரிந்துள்ளது. அங்குத் தோளோடு தோள் உரச நடப்போர் இணையம் அறியாதவரா? நூற்பெயர்களைத் திறன்பேசியிற் குறித்துவந்து கடை கடையாய்த் தேடும் இளைஞர் அன்றோ! தியாகராய நகர்ப் பதிப்பகம் வெளியிட்ட நூலை எங்கோ ஒரு சிற்றூரில் இருப்பவன் அறிவதும், விலை செலுத்தி வரவழைப்பதும் அதே இணையத்தால் அன்றோ!

ஊர்தி மாறுவதைப் பயணத்தின் முடிவென்று எண்ணுவது பேதைமை. ஓலையிலிருந்து தாளுக்கு ஏறியதால் தமிழ் அழிந்ததா? கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த சுவடிகள் அச்சேறியதாலன்றோ பிழைத்தன! சாமிநாதர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்திராவிடில் அது எத்துணைப் பேர் கைக்கு எட்டியிருக்கும்? அச்சு ஓலைக்குச் செய்ததையே இன்று மின்திரை அச்சுக்குச் செய்கின்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் கூலி கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம், கிடைத்தற்கரிய நூல்களை மின்படிகளாக்கி எவரும் விலையின்றிப் படிக்க வைத்துள்ளது. இவையா பொத்தகக் கொலை?

கொலை முயற்சி ஒன்று நடந்ததும் அதே கோட்டூர்புரத்தில்தான். 15.9.2010 அன்று 9 தளங்களோடு திறக்கப்பெற்றது அண்ணா நூற்றாண்டு நூலகம். ஓராண்டு கடந்ததும், 2011 நவம்பரில், அதனை அகற்றிவிட்டு அவ் விடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. மருத்துவமனை வேண்டாம் என்பார் எவருமிலர். நூலகத்தைக் குலைத்துத்தான் அதனை அமைக்க வேண்டுமா என்பதே வினா. உயர்நீதிமன்றத்தின் தடையால் நூலகம் பிழைத்தது. அதனைக் குலைக்க முனைந்தது இணையமா, அரசியற் காழ்ப்பா? எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரை கருத்தைச் சிதறடிக்கும் என்பது பொய்யன்று. ஆயினும் படிப்பின் சுவை அறிந்தவன் ஒருநாள் திரையை விட்டு நூலுக்கு மீள்வான். தன் தாய்மொழி எழுத்தையே கூட்டிப் படிக்க அறியாதவன் எதற்கு மீள்வான்? பொத்தகத்தின் மெய்யான பகை இங்கேதான் ஒளிந்திருக்கின்றது.

நந்தனத் திடலிலேயே அக் காட்சியையும் காணலாம். குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துவரும் தந்தை, தமிழ்நூல்களைக் கடந்து ஆங்கில நூற்குவியலின்முன் நிற்கின்றார். “இவனுக்குத் தமிழ் படிக்க வராது” என்கின்றார். நாணத்தோடு அன்று, பெருமிதத்தோடு! மறைமலையடிகள், பாவாணர் ஆகியோரின் நூல்களைத் தேடித் தொகுத்துத் தியாகராய நகர்த் தமிழ்மண் பதிப்பகம் வரிசை வரிசையாக வெளியிட்டது. அவ் வரிசைகளை நாளை விரித்துப் படிக்கப் போகின்றவன் எவன்? தமிழ் படிக்க வராத இப் பிள்ளையா?

அவனைக் குறைகூறிப் பயனில்லை. ஐந்தாம் வகுப்பு வரையேனும் தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக இருக்க வேண்டுமென்று 1999-இல் பிறந்த அரசாணையை 2000-இல் உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாக்கியது. ஆனால் ஒரு பாடமாய் ஒட்டிக்கொண்டிருப்பது, எல்லாப் பாடங்களையும் ஏந்தி நிற்கும் பயிற்றுமொழிக்கு ஈடாகுமா? கணக்கையும் அறிவியலையும் தமிழில் எண்ணாத மூளை, பதினெட்டு அகவையில் திடுமெனத் தமிழ்நூலைத் தேடி ஓடுமா? வாசலை அடைத்துவிட்டு விருந்தினர் வரவில்லையே என்று வருந்துவதை ஒக்கும் இது.

ஆதலின் கடைகளின் பெருக்கத்தைக் கண்டு மயங்க வேண்டா. 900 கடைகள் 2000 ஆகலாம். அவற்றுள் தமிழ்நூலை நாடும் கைகள் மட்டும் குறைந்துகொண்டே போகலாம். அந் நாள் வருமுன் விழிப்பதே அறிவுடைமை.

தமிழ்ப் பெற்றோரே! கைப்பேசியைப் பழிப்பதை நிறுத்துங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் உங்கள் பிள்ளையை அருகிருத்தித் தமிழ்நூல் ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். அது தாளில் இருந்தாலென்ன, திரையில் இருந்தாலென்ன? தமிழில் இருக்கிறதா என்பதே கேள்வி. வீட்டில் இதனைத் தொடங்குங்கள். தமிழ்வழிக் கல்வியை அரசிடம் உரிமையாய்க் கேளுங்கள். படிக்கும் கண் இருந்தால் பொத்தகம் எவ்வுருவிலும் வாழும். அக் கண்ணைக் குருடாக்கிவிட்டுப் பொத்தகத்திற்காக அழுவது வெறும் நடிப்பே!