தெருவில் நிற்கும் டிராலி யார் கணக்கில்?



நமது இதழில் ஜி.எஸ்.டி., லைசென்ஸ், எடை முத்திரை என்றுதான் வழக்கமாக எழுதுகிறோம். இந்த முறை அயல்நாட்டு மளிகைக் கடைக்காரர்களுக்கு உள்ள ஒரு தலைவலியைப் பற்றி எழுத விரும்புகிறேன். தலைவலி அவர்களுடையது என்றாலும் அதில் அடங்கியிருக்கும் நியாயம் வியாபாரிகள் எல்லோருக்கும் பொதுவானது.

2023-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கும்படி ஆயிற்று. கடை திறக்கிற வேலை இல்லாததால் காலையில் நடக்கப் போவேன். மூன்றாவது நாளே ஒன்றைக் கவனித்தேன். தெருமுனையில், மரத்தடியில், பஸ் நிறுத்தத்தில் என்று ஆங்காங்கே பெரிய கடைகளின் டிராலிகள் அநாதையாக நின்றுகொண்டிருந்தன. சில கவிழ்ந்து கிடந்தன. ஒன்று சாக்கடைக் கால்வாயில் தலைகீழாகக் கிடந்தது. ஒரு டிராலியின் விலை நூறு டாலருக்குக் குறையாது என்று மாப்பிள்ளை சொன்னார். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒரு வியாபாரியின் முதல் அல்லவா தெருவில் மழையில் நனைகிறது!

மறுநாள் ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு கடையிலேயே விட்டுவரப் புறப்பட்டேன். "அப்பா, அதைத் தொடாதீங்க. நீங்கதான் எடுத்துட்டுப் போறீங்கன்னு நினைச்சுக்கப் போறாங்க. சிட்டிக்குத் தகவல் சொன்னா அவங்க பார்த்துப்பாங்க" என்று மகள் தடுத்துவிட்டாள். சரி, சிட்டி எப்படித்தான் பார்த்துக்கொள்கிறது என்று விசாரித்ததில் தெரிந்த விவரங்கள்தான் இந்தக் கட்டுரை.

கலிபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2023-ல் நான் விசாரித்தபோது இருந்த விதிகள் இவை. கடை உரிமையாளர் யார், டிராலியைத் திருப்பித் தர வேண்டிய முகவரி அல்லது போன் நம்பர் என்ன, அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோவது சட்டவிரோதம் என்பதெல்லாம் டிராலியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் கொண்டுபோனவர் மேல் வழக்கு நிற்கும். தெருவில் கிடக்கும் டிராலியைப் பற்றி நகர நிர்வாகம் கடைக்குத் தகவல் தந்து, 3 வேலை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள் கடைக்காரர் எடுத்துப் போகாவிட்டால், நம் ஊரில் மாட்டைப் பவுண்டில் அடைப்பதைப் போலக் கொண்டுபோய் அடைத்துவிட்டு, செலவைக் கடைக்காரரிடம் வசூலிக்கலாம். 6 மாதத்தில் 3 முறைக்கு மேல் இப்படித் தவறினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு முறைக்கும் 50 டாலர் வரை அபராதம் போடலாம். தகவல் கொடுத்து 30 நாளாகியும் கேட்பாரில்லை என்றால் விற்றுவிடலாம். இதனால் தெருத்தெருவாகச் சுற்றி டிராலிகளைப் பொறுக்கிவந்து கடையில் சேர்ப்பதையே தொழிலாக நடத்தும் கம்பெனிகள் அங்கே உண்டு. அதற்கும் கடைக்காரர்தான் கூலி கொடுக்கிறார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1990-ல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் டிராலிக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க் கவுன்சில் முதலில் கடைக்காரர்களைக் கலந்து பேசி, பிறகு தீர்மானம் போட்டு இந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். பிடித்துவைத்த டிராலிக்காக உரிமையாளருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 6 வாரம் வைத்திருந்து, பிறகு விற்கலாம். முன்பெல்லாம் செலவைக் கட்டப் பிடிக்காத கடைக்காரர் டிராலியே வேண்டாம் என்று இருந்துவிடலாம். 2005-ல் செய்த திருத்தத்துக்குப் பின், அவர் வந்து கேட்காவிட்டாலும் செலவை அவரிடமே வசூலிக்க வழி செய்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 2021-ல் புதுச் சட்டம் இயற்றி, பொது இடத்தில் கிடக்கும் டிராலியைக் குறித்த காலத்துக்குள் அகற்றும் பொறுப்பைக் கடைக்காரர் தலையிலேயே வைத்துவிட்டது.

"இது என்ன அநியாயம்? எடுத்துப் போனவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனுக்கு அபராதமா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் மகள் வீட்டுத் தெருவில் ஒருநாள் கண்ட காட்சி என் எண்ணத்தை மாற்றியது.

வயதான ஒரு சீன அம்மாள். எழுபதுக்கு மேல் இருக்கும். டிராலியில் ஒரு அரிசி மூட்டை, பால், காய்கறி. கடையிலிருந்து முக்கால் மைல் தூரம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் சாமானை இறக்கிவிட்டு, டிராலியைப் பத்திரமாக ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைத் திருடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார் இல்லை. பஸ்ஸில் மூட்டையோடு ஏற முடியாது. காசு கொடுத்து வாங்கிய சரக்கு வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இங்கே நம் தொழிலின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் நம்மைப் போலத்தான் வியாபாரம். வாடிக்கையாளர் சீட்டை நீட்டுவார், கடைப் பையன் எடுத்துக் கட்டிக் கொடுப்பான், பல கடைகளில் வீட்டுக்கே கொண்டுபோயும் போடுவார்கள். 1916-ல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, சாமானை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். ஆள் கூலி மிச்சமானது. ஆனால் கைக்கூடை கனத்தவுடன் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை ஒக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்டுமேன் கவனித்தார். மடக்கு நாற்காலியைப் பார்த்து யோசனை தோன்றி, 1937-ல் சக்கரம் வைத்த கூடையைத் தம் கடைகளில் விட்டார். முதலில் யாரும் தொடவில்லையாம். சம்பளத்துக்கு ஆள் வைத்து, கடைக்குள்ளே தள்ளிக்கொண்டு திரியச் செய்த பிறகுதான் ஜனங்களுக்குப் பழகியது.

ஆக, டிராலி பிறந்ததே அதிகமாக வாங்கச் செய்வதற்காகத்தான். கை தூக்க முடியாத அளவு சரக்கை வாங்கச் செய்துவிட்டு, கடை வாசலோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்றால் எப்படி? கார் வைத்திருப்பவர் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போகிறார். கால்நடையாக வந்தவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறார். வீட்டுக்கு அனுப்பும் கூலியைக் கடைக்காரர் மிச்சம் பிடித்தார். அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் இப்போது தெருமுனையில் செலவுக் கணக்காக வந்து நிற்கிறது. வரவு அவர் பக்கம் என்றால் பற்றும் அவர் பக்கம்தான் எழுத வேண்டும். அந்தத் தெருவில் சக்கர நாற்காலியில் போகிறவரும், குழந்தை வண்டி தள்ளுகிற தாயும் அந்தக் கடையில் ஒரு பைசா லாபம் காணாதவர்கள். அவர்கள் நடைபாதையை ஏன் இழக்க வேண்டும்? வியாபாரியாக இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டிராலியின் முதல் பொறுப்பு கடைக்காரருடையது என்பதே என் கருத்து.

கடைக்காரர்களும் சும்மா இல்லை. டெபாசிட் முறை வைத்திருக்கிறார்கள். ஆல்டி கடைகளில் 25 சென்ட் நாணயத்தைச் செருகினால்தான் டிராலி கழலும். திருப்பி மாட்டினால் நாணயம் கைக்கு வரும். நம் ஊர் சோடாக் கடையில் பாட்டிலுக்கு டெபாசிட் பிடித்தோமே, அதே யுக்திதான். கார் நிறுத்துமிடத்தில் சோம்பலாக விட்டுப் போகிறவரை இது திருத்தும். ஆனால் அந்தச் சீன அம்மாளுக்கு 25 சென்ட் என்பது வீடு வரைக்கும் வண்டி வாடகை, அதுவும் மலிவான வாடகை! சிங்கப்பூரிலும் ஒரு டாலர் நாணயம் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அப்படியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் டிராலிகள் நிற்பதை அங்குள்ள நம் தமிழ் அன்பர்கள் அறிவார்கள்.

டெபாசிட் உறைக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். நம் நீலகிரியில் 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. குடித்தவர் வீசி எறிந்தாலும், பத்து ரூபாய்க்காக இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு வருவார். அந்தக் கணக்கு டிராலிக்கும் பொருந்தும்.

இன்னொரு வழி சக்கரப் பூட்டு. கடை எல்லையைச் சுற்றித் தரைக்கடியில் கம்பி புதைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் டிராலியின் சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். டிராலி போகாது, வாஸ்தவம். அந்த அம்மாளின் அரிசி மூட்டையும் போகாது! அடுத்த வாரம் அவர் வேறு கடைக்குத்தான் போவார்.

வீடில்லாதவர்கள் விஷயம் தனி. தங்கள் துணிமணி, போர்வை எல்லாவற்றையும் டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். டிராலி கடைக்காரருடையது, உள்ளே இருப்பது அவர்களுடைய சொத்து. நடைபாதையில் சற்று நேரம் விட்டுப் போன அவர்களது உடைமைகளை லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நிர்வாகம் அள்ளி அழித்தது சட்டவிரோதம் என்று 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தத் துன்பத்துக்கு மளிகைக் கடைக்காரர் மருந்து கண்டுபிடிக்க முடியாது. அது அரசாங்கத்தின் வேலை.

இது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் என் சொந்த அனுபவம். 1994-ல் எங்கள் மண்டியில் மூன்று சக்கர வண்டி இரண்டு வைத்திருந்தோம். சில்லறைக் கடைக்காரர்கள் மூட்டை ஏற்றிப்போக இரவல் கொடுப்போம். ஒரு வண்டி நாலு நாள் திரும்பவில்லை. ஒரு சந்தில் வழியை மறித்து நின்றதென்று நகராட்சி ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். பணம் கட்டி மீட்டேன். வண்டியை எடுத்துப் போன கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அமைதியாக, "அண்ணாச்சி, உங்க சரக்கைத்தானே ஏத்திட்டுப் போனேன்? திருப்பிக் கொண்டாந்து விட எனக்கு ஆள் இல்லையே" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த வாரமே லோடுமேன் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தி, சரக்கை நாங்களே கொண்டுபோய் இறக்கத் தொடங்கினோம். அதன் பிறகு வண்டி காணாமல் போனதில்லை. அந்த வாடிக்கையும் இன்றுவரை விட்டுப்போகவில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். நகர நிர்வாகம் அபராதத்தை வருமானமாகப் பார்க்கக் கூடாது. கடைக்காரரைக் கலந்து பேசி, தகவல் சொல்லி, நியாயமான அவகாசம் தர வேண்டும். கடைக்காரர் டிராலியில் பெயர் எழுதி, உறைக்கிற டெபாசிட் வைத்து, சாயங்காலம் ஒரு பையனைச் சுற்றுவட்டாரத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்நடையாக வருகிற வாடிக்கையாளரின் சரக்கை வீடு சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். சட்டம் பிடிக்கும் டிராலியைவிட இது தடுக்கும் டிராலி அதிகமாக இருக்கும்.

நமக்கு இதில் என்ன? பெரிய கடைகள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. போனில் கேட்டால் சில நிமிடங்களில் கொண்டுவருகிறோம் என்கிற கம்பெனிகளும் வந்துவிட்டன. வீட்டுக்குச் சரக்கு அனுப்புவது அவர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. சைக்கிளில் பையனை அனுப்பி நம் அப்பா, தாத்தா செய்த வியாபாரம். நம்மில் பலர் "ஆள் இல்லை, கட்டுப்படியாகாது" என்று அதை விட்டுவிட்டோம். நம் தெருவில் இருக்கிற வயதானவர்கள் பத்துப் பேர் வீட்டுக்காவது மாதச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வாடிக்கையை எந்தக் கம்பெனியும் பறிக்க முடியாது.

அப்படியே நம் கடை வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். காலி டின், சாக்குக் கட்டு, சரக்கு வண்டி என்று நடைபாதையை நாமும் அடைத்துத்தான் வைத்திருக்கிறோம். நகராட்சி நோட்டீஸ் வருவதற்கு முன்பே நாமே ஒதுக்கி வைத்தால் நமக்கும் மரியாதை, சங்கத்துக்கும் மரியாதை.

வாழ்க வணிகம்! வளர்க வணிகர் ஒற்றுமை!