எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

பழைய கார் ஒன்று நின்ற இடத்திலேயே இரைந்து ஓடினால், நம்மில் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரைத்தான். கார்புரேட்டரில் ஐடிலிங் திருகு இருக்கிறது. அதை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் வேகம் குறையும். வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பட்டறைக்காரரும் அப்படித்தான் செய்கிறார். இந்தப் பழக்கம் நல்ல வண்டிகளைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. இரட்டைக் கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் கேடும் இரட்டிப்பு.

நான் மெக்கானிக் அல்ல. ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொல்கத்தாவில் என் நண்பர் ஒருவர், தம் தகப்பனார் விட்டுச் சென்ற 1957-ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. காரை வைத்திருக்கிறார். அதை வைத்தே இதை எழுதுகிறேன்.

எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் அபிங்டன் நகரில் தயாரான இரண்டு இருக்கை வண்டி. அன்னிய வண்டி என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. தொடக்க கால எம்.ஜி.ஏ.வில் இருப்பது 1489 சி.சி. எஞ்சின். உத்தரபாராவில் செய்த நம் அம்பாசிடரிலும் பல ஆண்டுகள் ஓடியது அதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சின்தான். அம்பாசிடருக்கு ஒரு கார்புரேட்டர், எம்.ஜி.ஏ.வுக்கு ஒன்றரை அங்குல எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு. வித்தியாசத்தில் முக்கியமானது இது.

நண்பரின் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகும் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடிக்கொண்டிருந்தது. 700, 800 போதும். ஒரு பட்டறையில் இரண்டு திருகுகளையும் அடியோடு தளர்த்திப் பார்த்தார்கள், வேகம் அசையவில்லை. "இரண்டு கார்புரேட்டரும் தேய்ந்துவிட்டன, கழற்றிவிட்டு ஒற்றைக் கார்புரேட்டர் போட்டுவிடலாம்" என்று சொல்லிப் பெரிய தொகை ஒன்றும் கேட்டார்கள். நண்பர் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார்.

ஆனால் திருகைத் தளர்த்தியும் வேகம் குறையவில்லை என்பதே ஒரு விடை அல்லவா? பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை நிர்ணயிப்பது அது இழுக்கும் காற்று. திருகு, த்ராட்டில் தகட்டைச் சற்றே திறந்து வைத்திருக்கும் முட்டு, அவ்வளவுதான். அந்த முட்டை எடுத்துவிட்டால் தகடு மூடி, எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் ஒன்று தகடு மூடவில்லை, அல்லது காற்று வேறு வழியாகப் புகுகிறது. பட்டறைக்காரர் கையில் விடை கிடைத்திருந்தது. கேள்வியைத்தான் அவர் கேட்கவில்லை.

நாங்கள் ஒரு ஞாயிறு காலை வரிசையாகப் பார்த்தோம். இந்த வரிசையை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சோக். குமிழை உள்ளே தள்ளியதும் இரண்டு கார்புரேட்டரின் ஜெட்டும் முழுவதுமாக மேலே திரும்ப வேண்டும். சோக்கோடு சேர்ந்து த்ராட்டிலைத் திறக்கும் அமைப்பு, எஞ்சின் சூடான பிறகு எதையும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது இணைப்பு. ஆக்சிலரேட்டர் கேபிளில் சிறிது தளர்ச்சி இருக்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரையும் சேர்க்கும் தண்டின் கிளிப்புகளைத் தளர்த்திவிட்டால் ஒவ்வொரு த்ராட்டிலும் தானாக மூடுகிறதா என்று தனித்தனியே தெரியும். ஒன்று மூடி, மற்றொன்று மயிரிழை திறந்திருந்தாலும் போதும், வேகம் ஏறிவிடும். ஒற்றைக் கார்புரேட்டர் வண்டியில் இல்லாத தொல்லை இது.

மூன்றாவது காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட், மேனிபோல்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட், தேய்ந்துபோன த்ராட்டில் தண்டு இவை வழக்கமான குற்றவாளிகள். சிலர் பெட்ரோலையோ ஸ்ப்ரேயையோ பீச்சிச் சோதிப்பார்கள். இந்த எஞ்சினில் புகைபோக்கி மேனிபோல்டும் அதே பக்கத்தில், கார்புரேட்டர்களுக்கு அடியிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. தயவு செய்து அந்த வேலை வேண்டாம். சோப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாக இணைப்புகளில் தெளித்தால் போதும். கசியும் இடத்தில் தண்ணீர் ஒரு கணம் அடைத்துக்கொள்ளும். எஞ்சினின் சத்தம் மாறும்.

நான்காவது இக்னிஷன். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் எடைகளின் சிறு ஸ்ப்ரிங்குகள் தளர்ந்தால், நின்ற நிலையிலேயே தீப்பொறி முந்திக்கொண்டு விழும். அதனாலும் வேகம் ஏறும். கார்புரேட்டர் பாவம், பழியை ஏற்கும்.

நண்பரின் வண்டியில் மூன்றாவது படியிலேயே விஷயம் வெளிப்பட்டது. பின் கார்புரேட்டரின் அடியில் தண்ணீர் பட்டதும் 1500 சட்டென்று ஆயிரத்துக்கு இறங்கியது. கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. மல்லிக் பஜாரில் கேஸ்கெட் காகிதம் வாங்கி, பழையதை அளவாக வைத்து வெட்டிப் போட்டோம். கார்புரேட்டர்கள் இரண்டும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

திருகுக்கு வேலை வந்தது அதன் பிறகுதான். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, "உஸ்" என்ற ஓசை இரண்டிலும் ஒன்றாகும்வரை இரண்டு திருகுகளையும் சமன் செய்து, பிறகு தண்டின் கிளிப்புகளை இறுக்கினோம். கடைசியில் கலவை. எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினால், வேகம் ஒரு கணம் லேசாக ஏறி அடங்க வேண்டும். ஏறியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் சோர்ந்து நின்றால் பெட்ரோல் குறைவு. வண்டி இப்போது 800-இல் அமைதியாக ஓடுகிறது.

இதில் என் கருத்து என்ன என்று கேட்கலாம். பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவர் ஏன் தேடவில்லை? தேடுவதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. புதிய சாமான் போட்டால் பில்லைப் பார்த்துப் பேசாமல் கொடுக்கிறோம். "இரண்டு மணி நேரம் பார்த்தேன், கேஸ்கெட் ஒன்று கிழிந்திருந்தது" என்று ஒருவர் ஐந்நூறு ரூபாய் கேட்டால், காகிதத் துண்டுக்கு ஐந்நூறா என்று சண்டைக்குப் போகிறோம். கண்டுபிடிப்பவனுக்குக் காசில்லை, கழற்றி மாட்டுபவனுக்குக் காசுண்டு என்றால், பட்டறைகளில் எந்த வித்தை வளரும்?

இதன் விளைவு ஐடிலிங்கோடு நிற்பதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டு தாண்டிய வண்டி விண்டேஜ் வாகனமாகப் பதிவு பெற, அது அசல் வடிவில், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருக்க வேண்டும். இரட்டைக் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்த வண்டி இந்தத் தேர்வில் என்ன பதில் சொல்லும்? கழற்றியதை மீண்டும் தேடிப் பிடிப்பது லேசான காரியமா?

கைகளும் குறைந்து வருகின்றன. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்று பட்டறைக்கு வரும் இளைஞன் கம்ப்யூட்டர் காட்டும் எண்ணைப் படிக்கப் பழகியவன். அவன் கெட்டிக்காரன்தான், ஆனால் குழாயைக் காதில் வைத்துக் கேட்க அவனுக்கு யார் சொல்லித் தருவது? விஷயம் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர் உங்கள் பேட்டையில் இருந்தால், அவர் பக்கத்தில் அந்த இளைஞன் நிற்கும்படி வேலை கொடுங்கள்.

எந்த வண்டியானாலும் சரி, அடுத்த முறை பட்டறையில் "இதை மாற்ற வேண்டும்" என்று சொன்னால், "எப்படிச் சோதித்தீர்கள்?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். சோதித்துச் சொன்னவருக்கு, எதையும் மாற்றாமலே வண்டியைத் திருப்பித் தந்தாலும், முழுக் கூலியை மனமாரக் கொடுங்கள்.